பங்கும் பின்னமும்

'பங்கு' என்னும் சொல் நம் திருச்சபைத் தமிழில் இருபொருள் தருவது. ஓர் ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் இறைமக்கள் சமூகம் பங்கு. சொத்தில் ஒருவருக்கு உரிய பாகமும் பங்கு. முதற்பொருளுக்காகப் பணியேற்றுள்ள நம்மிடம், இரண்டாம் பொருளைப் பற்றிய வழக்குகளே அடிக்கடி வருகின்றன.

தமிழகத்துச் சிற்றூர்களில் கூட்டுக் கிணறுகள் பல உண்டு. பத்திரங்களில் அவற்றின் உரிமையைப் பின்னமாக எழுதுவர். தலைமுறை பெருகப் பெருகப் பின்னத்தின் எண்களும் பெருகும். ஆலங்குடியை அடுத்த ஒரு சிற்றூரில் பங்காளிகள் இருவருக்கு இதனால் பகை மூண்டது. மூத்தவர் வழிப் பத்திரத்தில் '24இல் 3 பாகம்' என்றிருந்தது. இளையவர் வழிப் பத்திரத்தில் '8இல் 1 பாகம்' என்றிருந்தது. இளையவரின் மகன், "சாமி, அவங்களுக்கு மூணு, எங்களுக்கு ஒண்ணா? இது நியாயமா?" என்று கேட்டார். திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையிலும் இரு குடும்பத்தாரும் முகம் திருப்பிக்கொண்ட காலம் அது.

நாம் ஒரு தாளில் 3/24 என்று எழுதினோம். மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி. இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண்களுள் மிகப் பெரியதே மீப்பெரு பொதுக் காரணி. இங்கு அது 3. இரண்டையும் அதனால் வகுத்தால் கிடைப்பது 1/8. நாளொன்றுக்கு 24 மணி நேரம். 24இல் 3 என்றாலும் 8இல் 1 என்றாலும் நீர் இறைக்கும் முறை மூன்று மணி நேரமே. மனக்கசப்பு ஒரே நாளில் தீரவில்லை. ஆயினும் நீர்முறைச் சண்டை அன்றோடு ஓய்ந்தது.

எண்கள் பெரியனவாயின் கண்ணால் கண்டு சொல்வது கடினம். அதற்கும் வழி உண்டு. கி.மு. 300 அளவில் யூக்ளிட் தம் வடிவியல் நூலின் ஏழாம் பகுதியில் அதனை விளக்கினார். 36/84 என்னும் பின்னத்தைக் கொள்வோம். 84ஐ 36ஆல் வகுத்தால் மீதி 12. 36ஐ 12ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே 12 மீப்பெரு பொதுக் காரணி. பின்னம் 3/7 ஆகச் சுருங்குகிறது. அதற்குமேல் சுருங்காது. இரண்டு, மறுபடி இரண்டு, பின்பு மூன்று என்று படிப்படியாக வகுத்தாலும் அங்கேதான் சேர்வோம். மீப்பெரு காரணி ஒரே அடியில் சேர்க்கிறது.

இதில் கண்டிப்பான நியதி ஒன்று உண்டு. தொகுதியை எதனால் வகுக்கிறோமோ, பகுதியையும் அதனாலேயே வகுக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் வகுத்தால் மதிப்பு மாறிவிடும். 3/24இன் இருபுறமும் இரண்டைக் கழித்தால் 1/22 வரும்; அது எட்டில் ஒன்று ஆகாது.

பிறர் வாழ்வை அளக்கும்போது நாம் இந்நியதியை மறந்துவிடுகிறோம். அடுத்த வீட்டாரின் வருவாய் மும்மடங்கானதைக் காண்கிறோம்; அவர்தம் கடனும் கவலையும் மும்மடங்கானதைக் காண்பதில்லை. தொகுதியை மட்டும் பார்ப்பவருக்குப் பொறாமை பிறக்கிறது. அதேவேளை, சுருக்கிப் பார்த்த பின்பும் சமமாகாத பங்குகள் உலகில் உண்டு. அங்கே குறைந்தவர் கேட்பது பொறாமையன்று, நீதி. இவ்விரண்டையும் பிரித்தறியவே சுருக்கிப் பார்த்தல் தேவை.

'பின்னம்' என்னும் வடசொல்லுக்கு உடைந்தது என்று பொருள். இலத்தீனில் 'பிராக்சியோ' என்பதும் உடைத்தலே; திருப்பலியில் அப்பம் பிட்கும் சடங்கிற்கும் அதுவே பெயர். பிட்கப்பட்ட சிறு துண்டிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்பது நம் விசுவாசம். அந்த ஒரே அப்பத்தில் பங்குபெறும் உறவினர், பத்திரத்தைத் தூக்கி வழக்கு மன்றம் செல்லுமுன், ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துச் சற்றே சேர்ந்து அமர்வது நலம்.