வாயில் திறந்த கோட்டைகள்

நீர்நிலையை அடுத்த நகரங்களில் மன்னர் வாழ்ந்த மாளிகைகள் சில, இந்நாளில் வழிச்செல்வோர் தங்கும் விடுதிகளாய் விளங்குகின்றன. உதயப்பூரிலே, பிச்சோலா ஏரியின் நடுவே வெண்ணிறமாய் நிற்கும் அரண்மனை 18-ஆம் நூற்றாண்டில் மேவார் மன்னரால் எழுப்பப்பட்டது. 1963-ஆம் ஆண்டில் அது விடுதியாயிற்று. தொண்டை நாட்டுக் கடற்கரையிலும் அவ்வாறு மாறிய ஓர் இடம் உண்டு. ஆயின், அங்கு முன்பு நின்றது அரண்மனையன்று, அரண்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ளது கோவளம். ஆர்க்காட்டு நவாபாகிய அன்வருத்தீன் அங்கே ஒரு கோட்டை கட்டினார். 1750-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கோட்டைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல் ஒன்று நங்கூரம் பாய்ச்சி, ஆபத்துக் குறி காட்டிற்று. கரையிலிருந்து சென்றவரிடம் கப்பலில் இருந்தோர் தம் துயரத்தை எடுத்துரைத்தனர். காயும் கனியும் இன்றி நெடுநாள் கடலிற் செல்வோரைப் பற்றும் கொடுநோயால் பலர் மாண்டனர் என்றும், எஞ்சினோரும் உடனே கரை ஏறாவிடின் பிழையார் என்றும் கூறினர். கோட்டைத் தலைவன் அதற்கு இசைந்தான். பொருள் கிடைக்கும் என்னும் ஆசையும் அவன் உள்ளத்தில் இருந்தது என்று எழுதுகின்றார் இராபர்ட் ஓர்ம் என்னும் வரலாற்றாசிரியர். எவ்வாறாயினும் கதவு திறந்தது.

மெலிந்து வெளிறிய முப்பது பேர் உள்ளே புகுந்தனர். அவர்தம் ஆடைக்குள் படைக்கலம் மறைந்திருந்தது. அன்றிரவே அவர்கள் காவலரை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றினர். அடியார் வேடம் பூண்டு, சுவடிக் கட்டினுள் கத்தியை மறைத்து மெய்ப்பொருள் நாயனாரிடம் சென்ற முத்தநாதனின் கதை தமிழ் மக்கள் அறிந்ததே. கோவளத்தில் அவ்வஞ்சம் பிணியின் வேடம் பூண்டது.

வஞ்சத்தால் வந்தது நெடுநாள் நிலைக்கவில்லை. 1752-ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவ் படையுடன் வந்து கோட்டையை வளைத்துக்கொண்டான். பிரெஞ்சுக்காரர் பணிந்தனர். பின்னர் அதன் மதில்கள் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டன. அக்கோட்டை இருந்த இடத்திலேயே 1974-ஆம் ஆண்டில் ஒரு பெரிய விடுதி எழுந்தது. விருந்தினராய் வந்தோர் வஞ்சம் புரிந்த இடத்தில் இன்று நாள்தோறும் விருந்தினர் வந்து தங்குகின்றனர்.

கோவளத்திற்குத் தெற்கே, மாமல்லபுரத்தையும் கடந்து சென்றால், கல்பாக்கத்தை அடுத்துச் சதுரங்கப்பட்டினம் தோன்றும். மெல்லிய துணிக்குப் பெயர்பெற்ற அப்பட்டினத்தில் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் பண்டகசாலை அமைத்து வாணிகம் நடத்தினர். கருநாடக நாட்டின் பொருட்டுப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்டபோது அவர்கள் எப்பக்கமும் சாராது நின்றனர். ஆதலின், 1754-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இரு திறத்துத் தூதரும் சமாதானம் பேசுதற்கு அவ்வூரில் கூடினர். ஒருவரை ஒருவர் நம்பாதவர் இருவர். இருவரும் நம்பிய இடம் ஒன்று!

எனினும் பேச்சு பயன் தரவில்லை. முகம்மது அலியையே நவாபாக ஏற்கவேண்டும் என்றனர் ஆங்கிலேயர். பிரெஞ்சுக்காரர் அதற்கு இசையவில்லை. இரு திறத்தாரும் ஓலைகளையும் ஆணைகளையும் காட்டி வாதிட்டுப் பிரிந்தனர். அதன்பின் 27 ஆண்டுகள் சென்றன. ஒல்லாந்தரோடு ஆங்கிலேயர் பகை கொண்டனர். 1781-ஆம் ஆண்டில் சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அன்று தமக்கு இடமளித்த ஊரையே இன்று அவர்கள் கைக்கொண்டனர். பின்னர் அது ஒல்லாந்தரிடம் மீண்டது; 1824-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி முடிவாக ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று.

இன்று அக்கோட்டையில் செங்கல் மதிலும் பண்டகசாலையின் சுவர்களும் சிதைந்து நிற்கின்றன. உள்ளே ஒரு சிறு கல்லறைத் தோட்டம் உண்டு. அங்குள்ள கற்களில் டச்சு மொழி எழுத்துகளும் சிற்பங்களும் அழகுறப் பொறிக்கப்பட்டுள்ளன. வாணிகம் கருதிக் கடல் கடந்து வந்து, தாயகம் திரும்பாது மாண்டவர்கள் அங்கே துயில்கின்றனர். மதில் காத்த வீரர் மறைந்தனர். கொடிகள் பல மாறின. அவர்களை ஏற்ற மண் மட்டும் இன்றும் அவர்களைத் தாங்கி நிற்கின்றது.

விருந்தோம்பல் இல்லத்தார்க்குரிய அறம் என்று திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வறத்தைக் காப்பது விருந்தினர்க்கும் கடனாகும். நோயாளி என்று வந்தவன் பகைவனாய் மாறினால், அடுத்து வரும் மெய்யான நோயாளிக்கும் கதவு அடைபட்டுவிடும். கோவளத்தில் அன்று வீழ்ந்தது ஒரு கோட்டை மட்டுமன்று. கடலில் துன்புற்று வருவோர்மீது கரையில் வாழ்வோர் கொண்ட நம்பிக்கையும் ஆகும். தகர்ந்த கோட்டையின் இடத்தில் மாளிகை எழுப்பலாம். தகர்ந்த நம்பிக்கையை மீண்டும் எழுப்புதல் எளிதன்று.