பிரம்பும் தாரும்

ஆங்கிலம் தன் தகுதியால் உலக மொழியானது, நாம்தான் இன்னும் மொழி மொழி என்று அடித்துக்கொள்கிறோம் என்று குடும்பக் குழுவில் மச்சான் குரல்பதிவு போட்டிருக்கிறார். மும்மொழிச் சண்டை சூடுபிடிக்கும்போதெல்லாம் வருகிற பதிவுதான். வேல்ஸில் குடியிருப்பவனுக்கு அதை அனுப்பியிருக்க வேண்டாம்.

கப்பலேறி நம்மிடம் வருமுன்பே ஆங்கிலம் கைவைத்தது பக்கத்து வீட்டு வேல்ஷ் மொழியில். எட்டாம் ஹென்றி காலத்து 1536ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டுமே. வேல்ஷில் புழங்குபவருக்கு அரசுப் பதவி கிடையாது. நமக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்ற மெக்காலேயின் 1835 குறிப்புக்கு ஏறத்தாழ முந்நூறு வருடம் மூத்த சட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வேல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்துப் பேசுகிறவனைக் காட்டிக்கொடுத்தால் துண்டு அவன் கழுத்துக்கு மாறும். மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ, அவனுக்குப் பிரம்படி. மச்சான் சொல்லும் தகுதி இதுதான். மற்றபடி பேரரசு, வணிகம், 1945க்குப் பிந்தைய அமெரிக்கா எல்லாம் தெரிந்த கதை.

எனக்கு அலுக்காத கதை வேறு. 1960களின் இறுதியில், ஆங்கிலம் மட்டும் எழுதிய சாலைப் பலகைகளில் பெயின்ட் பூசத் தொடங்கினார்கள் இங்குள்ள இளைஞர்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். ரயில் நிலையத்து இந்திப் பெயர்ப்பலகையில் தார் பூசிய ஊர்க்காரனுக்கு இதை விளக்கவா வேண்டும்? 1980இல் வேல்ஷ் தேசியக் கட்சித் தலைவர் குவின்வோர் எவன்ஸ், வேல்ஷ் தொலைக்காட்சி தராவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் என்றார். பிடிவாதத்துக்குப் பேர்போன தாட்சரின் அரசே இறங்கி வந்தது. 1982இல் எஸ்4சி என்ற அந்த வேல்ஷ் தொலைக்காட்சி ஒளிபரப்பானது. இன்று ஆளரவமற்ற மலைப்பாதையிலும் வேல்ஷில் எழுதியிருக்கிறது. சென்னைக் கடைப் பலகைகளில் தமிழைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதற்காக நம்மை யாரும் இளக்காரமாகப் பேச விடமாட்டேன். இவர்கள் ஆங்கிலத்தை எதிர்த்த அதே பத்தாண்டில் நாம் இந்திக்கு எதிரே ஆங்கிலத்தைக் கேடயமாகப் பிடித்தோம். 1968இல் இருமொழிக் கொள்கை வந்தது. இதை என் வேல்ஷ் நண்பருக்குப் புரியவைக்க முடியவில்லை. 2021 கணக்கெடுப்பில் வேல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம்தான். தமிழ் அந்த நிலைக்கு வரவில்லையே!

ஆனால் அந்த மரத்துண்டு இங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் படித்த பள்ளியில் தமிழ் பேசினால் அபராதம். வசூலித்தவன் வகுப்புத் தலைவன். அந்த வழக்கம் இன்னும் சில பள்ளிகளில் ஓயவில்லை. மச்சான், ஜூனில் மகனுக்கு ஃபீஸ் கட்டுமுன் அங்கே அப்படி விதி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் வேறு பள்ளி பாருங்கள்.