வேலி நுழையாத ஊர்

நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் கிராமத்தில் மூன்று பெரிய வயல்கள் இருக்கின்றன: மேற்கு வயல், தெற்கு வயல், காற்றாலை வயல். எதற்குள்ளும் வேலி கிடையாது. நீள நீளமான பட்டைகளாகப் பிரித்து, பல குடியானவர்கள் அடுத்தடுத்து உழுகிறார்கள். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. மறு ஆண்டு முறை மாறும். இடைக்காலத்தில் மத்திய இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் உழுதது. பிறகு பொதுவயல்களை வேலிகட்டிப் பிரிக்கும் சட்டங்கள் வந்தன. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்டவை நிறைவேறின. 68 லட்சம் ஏக்கர் நிலம் அடைபட்டது. லாக்ஸ்டன் எப்படித் தப்பியது என்ற கேள்வி என்னை விடவேயில்லை.

முதலில் கையில் எடுத்தது ஒரு வரைபடம். 1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையர் வரைந்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பட்டை பட்டையாக ஊர் முழுவதும் அதில் உண்டு. கோடுகளுக்கு நடுவே நகத்தளவு மனிதர்கள் ஏர் ஓட்டுகிறார்கள், அறுவடை செய்கிறார்கள், நாய்களோடு வேட்டைக்குப் போகிறார்கள். அளவைக்கு இந்தச் சித்திரங்கள் தேவையே இல்லை. ஆனால் நிலத்தோடு உழைப்பையும் சேர்த்துப் பதிந்த பியர்ஸின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு வந்தது. வரையச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வணிகர். அதே 1635இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியக் கடல் வணிகத்துக்கு மன்னரிடம் உரிமம் வாங்கினார். அவருடைய கூட்டத்தார் பின்னர் கார்வாரில் பண்டகசாலை வைத்தார்கள்.

வரைபடம் ஊரின் நிலையைச் சொன்னதே தவிர, அது நிலைத்த காரணத்தைச் சொல்லவில்லை. பட்டைகள் ஏன் வந்தன என்பதற்கு, நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கத்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். லாக்ஸ்டனை ஆராய்ந்து 1938இல் 'திறந்த வயல்கள்' என்ற நூலை எழுதிய ஆர்வின் தம்பதியரின் விளக்கம் வேறு. கனமான கலப்பையை இழுக்கப் பல மாடுகள் வேண்டும். ஒரே வீட்டில் அத்தனை இருக்காது. மாடுகளைச் சேர்த்துக் கட்டி, ஒருநாள் உழுததை ஒருவருக்கு, மறுநாள் உழுததை அடுத்தவருக்கு என்று கொடுத்துக்கொண்டே போனதில் பட்டைகள் உருவாயின என்கிறார்கள். எனக்கு இதுவே மனதுக்கு ஒப்புகிறது.

வேலி வராததற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், மான்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும் நிலத்தைப் பிரிப்பதில் ஒத்துப்போகவில்லை என்பது. அது உண்மையே. ஆனாலும் பிரபுக்களின் பிணக்கு மட்டும் ஓர் ஊரின் உழவு முறையைக் காப்பாற்றிவிடாது. தினமும் நிலத்தில் நின்றவர்கள் காத்ததால்தான் அது பிழைத்தது.

அதைப் புரியவைத்தது ஊர் மன்றம். நவம்பர் கடைசியில், கோதுமை விதைத்த வயலைப் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி பார்வையிடும். டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறிப் போவார்கள். பட்டை எங்கே முடிந்து பாதை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து முளை அடிப்பார்கள். பாதையையோ, பள்ளத்தில் உழாமல் விட்ட பொதுப் புல்நிலத்தையோ தன் கொழுவால் கடித்தவரின் பெயர் குறிக்கப்படும். அடுத்த வாரம் டவ்கோட் மதுக்கடையில் மன்றம் கூடி அபராதம் விதிக்கும். விதிப்பவர்களும் அதே வயல்களில் உழுகிறவர்கள்தான். அடுத்த ஆண்டு அவர்கள் பட்டையையும் யாரோ அளப்பார்கள். 1977இல் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் நீக்கியபோதும் லாக்ஸ்டனுக்கு விலக்குக் கிடைத்தது.

உடைமை மட்டும் கைமாறிக்கொண்டே வந்தது. 1952இல் மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981இல் அரச எஸ்டேட்டிடம் போனது. 2020இல் மான்வர்ஸ் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது. யார் கையில் இருந்தாலும் எனக்குள்ள கவலை ஒன்றுதான். ஜூரியில் உட்காரப் பன்னிரண்டு பேர் வேண்டுமானால், சின்னப் பண்ணையிலும் ஒரு குடும்பம் பிழைக்க வழி இருக்க வேண்டும். அந்த அளவுக்குக் குத்தகையை வைத்தால்தான் இளையவர்கள் ஏர் பிடிக்க வருவார்கள்.