சிரிப்பில் உயர்வு தாழ்வு

உணவில் சுவை வேறுபடுவதை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். ஒருவருக்குப் புளிப்புப் பிடிக்கும். மற்றொருவருக்கு இனிப்புப் பிடிக்கும். அதற்காக யாரும் யாரையும் அறிவிலி என்று சொல்வதில்லை. ஆனால் நகைச்சுவையில் மட்டும் நாம் அத்தகைய பெருந்தன்மை காட்டுவதில்லை. "இதற்கா சிரிக்கிறாய்?" என்று ஒருவரைக் கேட்டுவிட்டால் போதும், அவருடைய அறிவையும் வளர்ப்பையும் சேர்த்துக் குறை சொன்னதாக ஆகிவிடுகிறது. அந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டவன் நான். அதனால் நேர்ந்ததை நம் சங்கத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் விடுதியில் சனிக்கிழமை இரவு என்றால் ஆங்கில நாட்டு நகைச்சுவைதான். மெஸ்ஸில் உணவு முடிந்ததும் பத்துப் பன்னிருவர் பொதுவறையில் கூடுவோம். ஒருவர் தம் மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைப்பார். பிறகு எதைப் பார்ப்பது என்ற வழக்குத் தொடங்கும். வங்காள நண்பர் ஒருவருக்குச் சாப்ளின்தான் தெய்வம். "அவர் படமெல்லாம் அமெரிக்காவில் எடுத்தவை ஆயிற்றே" என்று யாரேனும் தடை சொன்னால், "அவர் வளர்ந்தது இலண்டன் தெருக்களில் அல்லவா?" என்று சண்டைக்கு வருவார். ஒடியா நண்பருக்கு 1969-இல் பி.பி.சி.யில் தொடங்கிய 'மான்ட்டி பைத்தான்'. செத்த கிளியை விற்றுவிட்டு, அது ஓய்வெடுக்கிறது என்று சாதிக்கும் கடைக்காரனை இருபதாம் முறை கண்டாலும் அவர் உருண்டு சிரிப்பார். எனக்கோ அந்தக் கிளியைக் கண்டால் கொட்டாவி வரும். என் அறைத்தோழர் பஞ்சாபியர். அவருக்கு 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' இல்லாமல் வாரம் முடியாது.

நான் 'எஸ் மினிஸ்டர்' கட்சி. 1980 முதல் 1984 வரையிலும், பிறகு 'எஸ், பிரைம் மினிஸ்டர்' என்ற பெயரில் 1986 முதல் 1988 வரையிலும் பி.பி.சி.யில் வந்த தொடர் அது. நன்மை செய்ய நினைக்கும் அமைச்சர் ஒருவர். எதையும் நடக்கவிடாத செயலாளர் ஒருவர். நோயாளி ஒருவர்கூட இல்லாத மருத்துவமனையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஊழியர்கள் ஓயாமல் வேலை செய்வதாக ஒரு கதை. அதை மூடுவானேன் என்று அந்தச் செயலாளர் வாதாடும் அழகே அழகு! நம் நாட்டிலும் அது செல்லும் என்று கண்டுதான் 2001-இல் 'ஜீ மந்திரிஜி' என்று இந்தியில் எடுத்தார்கள் போலும். நீண்ட வாக்கியத்தின் இறுதியில் ஒளிந்திருக்கும் குத்தலைக் கண்டு சிரிப்பதே அறிவுடையோர் சிரிப்பு என்பது என் கொள்கை. வழுக்கி விழுவதைக் கண்டு சிரிப்பது குழந்தைச் சிரிப்பு. 'மிஸ்டர் பீன்' பார்ப்பவர்களை நான் மனத்துக்குள் ஒரு படி கீழே வைத்திருந்தேன். வெளியிலும் சொல்லியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் துறையில் முதலாண்டு மாணவனாகத் தம்பி ஒருவன் வந்து சேர்ந்தான். சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழில். கணக்கில் என்னைவிட வல்லவன். ஆனால் வகுப்பில் ஆங்கிலத்தில் பேச எழுந்தால் அவன் நெற்றி வியர்க்கும். 'எய்ட்' என்னும் எண்ணை அவன் 'யெய்ட்' என்றே சொல்வான். நம்மவர் பலரின் நாக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. வடக்கிலுள்ள பிள்ளைகளுக்கு அது புதுமை.

ஒரு சனிக்கிழமை 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' ஓடிக்கொண்டிருந்தது. 1977-இல் இங்கிலாந்தின் ஐ.டி.வி.யில் தொடங்கிய தொடர். பிரவுன் என்ற ஆசிரியர் மாலை வகுப்பில் அயல்நாட்டாருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். சீக்கியர், பாகிஸ்தானியர், சீனர், இத்தாலியர் எனப் பலர் மாணவர். அவர்கள் ஆங்கிலத்தைச் சிதைப்பதுதான் நகைச்சுவை. படத்தின் நடுவே ஒருவர் திரும்பி, "நம் விடுதியிலும் பிரவுனுக்கு ஒரு மாணவன் இருக்கிறான்" என்றார். எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். "ஏழிலிருந்து பத்து வரை ஆங்கிலத்தில் சொல், பார்க்கலாம்" என்றார் மற்றொருவர். அவனும் சொன்னான். 'யெய்ட்' வந்தது. அறை அதிர்ந்தது.

நானும் சிரித்தேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. எனினும் எழுதவே வேண்டும். ஏனெனில் அந்த 'யெய்ட்' என் நாக்கிலும் இருந்தது. ஓராண்டுக் காலம் தனியறையில் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுக் கேட்டு அதை மறைத்தவன் நான். என் பழைய நாக்கைக் கண்டுதான் நான் சிரித்தேன். மற்றவர்கள் சிரிப்பைவிட என் சிரிப்பு சற்று உரக்கவே இருந்தது என்று நினைக்கிறேன்.

தம்பியும் புன்னகை செய்தான். நகைச்சுவை பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பியர் வகுத்திருப்பது நமக்குத் தெரியும். அவற்றுள் எள்ளலுக்குப் பொருள் சொல்லும் பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பது மற்றொன்று. இரண்டாவது வகை எப்படி நகையாகும் என்று பள்ளியில் எனக்கு விளங்கவில்லை. அன்று தம்பியின் முகத்தில் அதைக் கண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாம் வாரம் ஆய்வுக்கூடக் குறிப்பேடு ஒன்றைத் திருப்பித் தர அவன் அறைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து, கைப்பேசியைத் தலையணையில் நிறுத்தி வைத்து, தனியே சிரித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். 'மிஸ்டர் பீன்'.

"இதற்கா சிரிக்கிறாய்?" என்றேன், பழக்கத்தால்.

"ஆமாண்ணே" என்றான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "நீங்க பார்க்கிறதுல எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகுதான் எனக்குப் பொருள் விளங்குது. அப்போ நான் சிரிச்சா என்னைத் திரும்பிப் பார்க்கிறாங்க. இதுல பேச்சே இல்லை. எல்லாரும் சிரிக்கிற நேரத்துலயே நானும் சிரிக்கலாம்."

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது 1990-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் வெளிவந்த முதல் பகுதி. பீன் தேர்வு எழுதுகிறார். படித்துவந்தது ஒன்று; வினாத்தாளில் இருப்பது வேறொன்று. அடுத்தவர் விடைத்தாளை எட்டிப் பார்க்க அவர் படும் பாட்டுக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. எந்த ஊர் மாணவனுக்குத்தான் அந்த முகம் தெரியாது? அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நடிகர் ரோவன் அட்கின்சன் மின்பொறியியல் பயின்றவர்; ஆக்சுபோர்டில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். சொல் வன்மை மிக்க 'பிளாக்ஆடர்' தொடரில் நடித்தவரும் அவரே. சொல்லத் தெரியாமல் அவர் சொல்லை விடவில்லை. சொல்லை விட்டதால்தான் பீன் நாடு நாடாகப் போனார். இவ்வளவு எளிய செய்தி எனக்கு எட்டாமல் போனதற்குக் காரணம் என் செருக்கே அன்றி வேறில்லை.

அன்றிரவு அறைத்தோழரிடம் கேட்டேன்: "அந்தத் தொடரில் ரஞ்சித் சிங் என்ற சீக்கியரைக் கேலி செய்கிறார்களே, உங்களுக்கு வருத்தம் வராதா?" அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். "என் மாமா இங்கிலாந்து சென்ற புதிதில் அப்படித்தான் பேசினாராம். இன்று பேரப்பிள்ளைகளுக்கு அவரே நடித்துக் காட்டுகிறார்" என்றார். பிறகு, தம்பியை எண்ணச் சொன்ன அன்று தமக்கும் மனம் சரியில்லை என்றார். இரண்டும் உண்மை. மாமா தம்மைத்தாமே நடித்துக் காட்டுகிறார். தம்பியையோ நாங்கள் நடிக்க வைத்தோம்.

அத்தொடர் அயல்நாட்டாரை இழிவு செய்கிறது என்று அந்நாட்டிலேயே குறை எழுந்தது. 1979-இல் நிறுத்தப்பட்டு, 1986-இல் சிறிது காலம் மீண்டும் வந்தது. 1998-இல் பி.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்த 'குட்னஸ் கிரேசியஸ் மீ' அதற்கு நல்ல மறுமொழி. நம் நாட்டு வழியில் வந்த சஞ்சீவ் பாஸ்கர், மீரா சயால் முதலியோர் நடித்தது. மும்பையில் சில இளைஞர் குடித்துவிட்டு ஆங்கிலேய உணவகத்துக்குப் போகிறார்கள். பணியாளரின் ஆங்கிலப் பெயரைச் சிதைக்கிறார்கள். உப்புச்சப்பற்ற உணவாகக் கொண்டுவா என்று அதட்டுகிறார்கள். இலண்டனிலுள்ள இந்திய உணவகங்களில் நடப்பதன் மறுபக்கம் அது. அதை எங்கள் பொதுவறையில் போட்டபோது, முன்பு எண்ணச் சொன்ன நண்பர் சிரிக்கத் தொடங்கி இடையில் நிறுத்திக்கொண்டதைக் கண்டேன். ஆனால் தம்பிக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. "ரொம்பப் பேசுறாங்கண்ணே" என்றான்!

சென்ற மாதம் நானும் அவனும் ஒரு பழைய படம் பார்த்தோம். ஈலிங் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட 'தி மேன் இன் தி ஒயிட் சூட்'. அலெக் கின்னஸ் வேதியியல் ஆய்வாளராக வருகிறார். அழுக்குப் படியாத, நைந்து போகாத நூலிழை ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் வெண்ணிற உடை தைத்துப் போட்டுக்கொள்கிறார். ஆலை முதலாளிகள் தொழில் போயிற்றே என்கிறார்கள். தொழிலாளர்கள் வேலை போயிற்றே என்கிறார்கள். துணி வெளுத்துப் பிழைக்கும் மூதாட்டி தன் பிழைப்பு என்னாவது என்று கேட்கிறாள். நான் முதலாளிகளின் சூழ்ச்சியைக் கண்டு சிரித்தேன். தம்பியோ அவருடைய ஆய்வுக் கருவி குடுகுடு என்று கொப்பளிக்கும் ஒலி வரும்போதெல்லாம் சிரித்தான். எங்கள் ஆய்வுக்கூடத்து வடிகலம் அப்படியே முழங்குமாம். ஒரே படத்தில் இருவருக்கும் இரண்டு இடம்.

இறுதியில் கூட்டம் அவரைத் தெருவில் மடக்கிப் பிடிக்கிறது. பிடித்த கையோடு உடை பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து வருகிறது. இழை நிலையற்றது, கண்டுபிடிப்புத் தோற்றுவிட்டது. உள்ளாடையோடு நிற்கும் அவரைப் பார்த்துக் கூட்டம் முழுவதும் சிரிக்கிறது. அது நகைச்சுவைப் படம்தான். ஆனால் அந்த இடத்தில் நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. நான் திரையைப் பார்த்தபடியே, "அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது, தம்பி" என்றேன். எந்த நாள் என்று அவன் கேட்கவில்லை. "விடுங்கண்ணே" என்றான். படத்தில் அந்த ஆய்வாளர் தம் குறிப்பேட்டைப் பார்த்து, ஏதோ விளங்கியவராய் நிமிர்ந்து நடக்கிறார். கருவியின் குடுகுடு ஒலி மீண்டும் கேட்கிறது. அப்போது இருவரும் சேர்ந்தே சிரித்தோம்.

தோழர்களே, எனக்கு இன்றும் 'எஸ் மினிஸ்டர்' தான் பிடிக்கும். அந்தச் செத்த கிளி இன்றும் எனக்குக் கொட்டாவியே தருகிறது. சுவையை மாற்றிக்கொண்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். "இதற்கா சிரிக்கிறாய்?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, "இதில் எந்த இடத்தில் சிரித்தாய்?" என்று கேட்கிறேன். கேட்டால் ஒவ்வொருவரும் தம் ஊரையும் வீட்டையும் பற்றி ஏதேனும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

தம்பி மீண்டும் சனிக்கிழமைகளில் வருகிறான். இந்த வாரம் எதைப் பார்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சென்ற வாரம் பொதுவறையில் அவன் எழுந்து கைகளை எண்ணி, "மிஸ்டர் பீனுக்கு யெய்ட் வோட்டு" என்று அறிவித்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தோற்றுப் போனேன்.