சிவப்புப் புள்ளிகளும் ஒரு மாணவனும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு சிறு பள்ளிவாசலை ஒட்டிய மக்தப் மதரஸாவில் நாம் பல ஆண்டுகளாகக் குர்ஆன் ஓதக் கற்பித்து வருகிறோம். அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி இஷா வரை வகுப்பு நடைபெறும். பிள்ளைகளின் தந்தையரில் பெரும்பாலோர் சுற்றியுள்ள ஆலைகளில் ஷிஃப்ட் முறையில் உழைப்பவர்கள். வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தோர் உண்டு. பீஹாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தோரும் உண்டு. பல ஆலைகளில் அணிந்திருக்கும் சட்டையின் நிறத்தைக் கொண்டே ஒருவர் நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தத் தொழிலாளியா என்று அறிந்துகொள்ளலாம். நிறத்தைப் பார்த்து மனிதரை மதிப்பிடும் பழக்கம் இப்பகுதியில் நம் எல்லோருக்குள்ளும் அறியாமலே புகுந்துவிட்டது. அப்பழக்கம் நம்மை ஒரு தவறில் கொண்டுபோய் நிறுத்திய நிகழ்வை இங்கே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நல்லுள்ளம் கொண்ட ஒருவர் நம் மதரஸாவுக்கு வண்ணத் தஜ்வீத் முஸ்ஹஃப்களை அன்பளிப்பாக வழங்கினார். நீட்டி ஓத வேண்டிய எழுத்துகள் சிவப்பிலும், மூக்கொலியாகிய குன்னாவுடன் ஓத வேண்டியவை பச்சையிலும், அதிர்வுடன் ஒலிக்க வேண்டிய கல்கலா எழுத்துகள் நீலத்திலும் அச்சிடப்பட்டிருந்தன. நமக்கு அளவற்ற மகிழ்ச்சி. சட்டங்களை மனனம் செய்யத் திணறிய பிள்ளைகள்கூட நிறத்தைப் பார்த்துச் சரியாக ஓதத் தொடங்கினர். பழைய கறுப்பு எழுத்து முஸ்ஹஃப்களைத் துணியில் பொதிந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டோம்.

ஒரு மாணவன் மட்டும் பின்தங்கினான். வயது பதினொன்று. அதற்கு முன்பு வகுப்பிலேயே தெளிவாக ஓதியவன் அவன்தான். புதிய முஸ்ஹஃப் வந்தபின் நீட்ட வேண்டிய இடத்தில் குன்னா செய்தான். குன்னா செய்ய வேண்டிய இடத்தில் நீட்டினான். "சிவப்பைப் பார் தம்பி" என்போம். பார்ப்பான், தயங்குவான், மீண்டும் பிழை செய்வான். கவனமில்லை என்று முடிவு செய்தோம். அவனைவிட இளைய பிள்ளைகளின் முன்னிலையில் முகம் சுளித்தோம், கடிந்துகொண்டோம், ஒருநாள் வரிசையின் கடைசியில் அமரச் செய்தோம். இது ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. அவன் ஒருமுறையும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் மதரஸாவுக்கு வரும் நாட்கள் குறைந்தன.

அவனுடைய தந்தை ஓர் ஆலையின் பெயிண்ட் ஷாப்பில் பணிபுரிபவர். பயன்பாடு முடிந்த நிற மாதிரி அட்டைகள் சில அவர் வீட்டில் இருந்தன. ஒருநாள் மாணவர்கள் அவற்றை எடுத்துவந்து, நிறங்களைப் பிரித்து அடுக்கி விளையாடிக் கொண்டிருந்தனர். அம்மாணவன் கரும்பச்சை அட்டைகளையும் கருஞ்சிவப்பு அட்டைகளையும் ஒரே அடுக்கில் வைத்தான். மற்றவர்கள் சிரித்தனர். நாம் அருகில் சென்று, "இரண்டும் ஒன்றா?" என்று கேட்டோம். "ஒன்றுதானே ஹஜ்ரத்" என்றான். அவன் குரலில் குறும்பு இல்லை. நாம் ஏன் கேட்கிறோம் என்ற வியப்புதான் இருந்தது.

அன்றிரவு அவன் தந்தையிடம் பேசினோம். அவர் சற்றுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "பையனின் மாமாவுக்கும் இப்படித்தான் ஹஜ்ரத். பெயிண்ட் ஷாப் வேலைக்குப் போனபோது கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவனுக்கும் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை" என்றார். கண் மருத்துவர் புள்ளிகளாலான வட்டங்கள் கொண்ட ஏட்டைக் காட்டிச் சோதித்து உறுதி செய்தார். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை முறை அது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத இக்குறை பெரும்பாலும் தாய்வழியாக ஆண்மக்களுக்கு வருவது. தாய்க்குப் பார்வையில் எக்குறையும் தோன்றாமலே இருக்கலாம். தாயின் சகோதரருக்கும் மகனுக்கும் வெளிப்படும். பிறவியிலேயே உள்ளதால், தாம் காண்பதையே எல்லோரும் காண்கிறார்கள் என்று இவர்கள் எண்ணிக்கொள்வது இயல்பு.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. டிப்ளமா படித்த காலத்தில் முஸ்ஹஃபின் எழுத்து வரலாறு குறித்துப் பயின்றவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

குர்ஆனின் தொடக்ககாலப் பிரதிகளில் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா போன்ற உயிர்க்குறிகள் இல்லை. அரபியைத் தாய்மொழியாகக் கொண்டோர் அவையின்றியே ஓதினர். இஸ்லாம் பிற மொழி பேசும் நிலங்களுக்குப் பரவியபோது பிழைகள் தோன்றின. ஒருவர் தவ்பா அத்தியாயத்தின் ஒரு சொல்லை ஓர் உயிரொலி மாற்றி ஓதியதால் பொருளே தலைகீழானதைக் கேட்டு அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) நடுங்கினார் என்று அறிவிக்கப்படுகிறது. ஹிஜ்ரி 69இல் மறைந்த அப்பெரியார், எழுத்தாளர் ஒருவரை அமர்த்தி, மூல எழுத்தின் மையிலிருந்து வேறுபட்ட நிறத்தில் புள்ளியிடச் செய்தார். எழுத்தின் மேல் ஒரு புள்ளி ஃபத்ஹா. கீழே ஒரு புள்ளி கஸ்ரா. பக்கத்தில் ஒரு புள்ளி ளம்மா. தன்வீனுக்கு இரு புள்ளிகள். பிற்காலத்தில் உயிர்க்குறிகளுக்குச் சிவப்பும், ஹம்ஸாவுக்கு மஞ்சளும் என்ற முறை மதீனாவாசிகளிடம் வழங்கியதை, 1053இல் மறைந்த அந்தலூசிய அறிஞர் அபூ அம்ர் அத்தானீ (ரஹ்) முஸ்ஹஃபில் புள்ளியிடுதல் குறித்த தம் நூலில் பதிவு செய்துள்ளார். அழகுக்காக அன்றி, இறைவசனத்தையும் மனிதர் சேர்த்த குறியையும் கலந்துவிடாமல் காப்பதற்காகவே அங்கே நிறம் வந்தது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்தையும் அந்நூல் எடுத்துரைக்கிறது. மூலப் பிரதிகளாகப் போற்றப்படும் பெரிய முஸ்ஹஃப்களில் புள்ளியிடுவதை அவர்கள் விரும்பவில்லை. சிறுவர் கற்கும் சிறிய முஸ்ஹஃப்களில் இடுவதில் தவறில்லை என்றார்கள். ஆக, வண்ணக் குறி பிள்ளைகளின் எளிமைக்காகவே அனுமதிக்கப்பட்டது. எந்தப் பிள்ளைக்கு அது எளிமையாக இல்லையோ, அந்தப் பிள்ளையின்மீது அதைச் சுமத்திய நம்மை என்னென்பது!

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) உயிர்க்குறிகளுக்குச் சிறு வடிவங்களை அமைத்தார்கள். நாம் இன்று எழுதும் மேற்கோடும் கீழ்க்கோடும் சிறிய வாவும் அம்முறையிலிருந்து வந்தவையே. நிறம் ஆற்றிய பணியை வடிவம் ஏற்றது. இரண்டு மைக்கூடுகள் தேவைப்படவில்லை. ஒரே மையில் எழுதவும் ஓதவும் முடிந்தது. நிறம் பிரித்தறிய இயலாத எத்தனை கண்கள் கடந்த ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் அந்த எளிய வடிவங்களால் குர்ஆனைப் பிழையின்றி ஓதியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம்.

நிறத்தைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. நம் முன்னோர் நிறத்தைப் பேரன்போடு கையாண்டனர். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நீலக் குர்ஆனில் அவுரி நீலம் ஏற்றிய தோலின்மீது கூஃபி எழுத்துகள் பொன்னால் எழுதப்பட்டுள்ளன. அதன் ஏடுகள் துனீசியாவிலும் உலகின் வேறு அருங்காட்சியகங்களிலும் உள்ளன. அவுரி நம் மண்ணுக்கும் அந்நியமானதன்று. திண்டிவனம் பகுதியில் இன்றும் பயிராகிறது. நீலம் என்னும் சொல் அரபியில் 'அந்நீல்' ஆகி, ஐரோப்பியரிடம் 'அனில்' ஆகி, செயற்கைச் சாயங்களுக்கு மூலமான அனிலின் என்னும் வேதிப்பொருளின் பெயராயிற்று. 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்ததும் இந்திய அவுரி வணிகம் சரிந்தது. பழவேற்காட்டு மரைக்காயர்கள் கப்பலேற்றிய சோழமண்டலத் துணிகளின் செந்நிறம் சாயவேரிலிருந்து பிறந்தது. துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, படிகாரம் தீட்டி, பிறகே சாயத்தில் இடுவர். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும். மற்ற இடங்களில் வெளுத்துப் போகும். ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரிக் கலைஞர்கள் இன்றும் கடுக்காயும் படிகாரமும் கொண்டே செந்நிறத்தைத் துணியில் நிறுத்துகின்றனர்.

அல்பகரா அத்தியாயத்தின் 138ஆம் வசனத்தில் அல்லாஹ் தன் மார்க்கத்தை 'ஸிப்கத்துல்லாஹ்' என்கிறான். ஸிப்கா என்றால் சாயம், தோய்த்தல். இதை அம்மாணவனின் தந்தைக்கு விளக்கியபோது, அவர் தம் தொழிலிலிருந்தே அதைப் புரிந்துகொண்டார். காரின் இரும்புக் கூட்டை முதலில் முழுவதுமாக ஒரு தொட்டியில் மூழ்கடித்து, மின்னோட்டத்தால் ஒரு பூச்சைப் படியச் செய்து, சூளையில் சுடுவார்களாம். அதன் மேல்தான் கண்ணைக் கவரும் நிறமும் பளபளப்பும் ஏறும். எல்லாப் பூச்சுகளும் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். "காரைத் துருவிலிருந்து காப்பது யாருக்கும் தெரியாத அந்த முதல் பூச்சுதான் ஹஜ்ரத்" என்றார் அவர். இதைவிடச் சிறந்த தஃப்சீரை நாம் அன்று சொல்லியிருக்க மாட்டோம்.

அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம், மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அறிவுடையோருக்கான அத்தாட்சிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நிறங்கள் வேறுபடுவது அத்தாட்சி என்றால், அவற்றைக் காணும் கண்கள் வேறுபடுவதும் அவன் படைப்பின் வேறுபாடே அன்றோ?

எல்லாவற்றுக்கும் மேலாக நம்மை உலுக்கியது 'அபஸ' அத்தியாயம். பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்க வந்தபோது, குறைஷித் தலைவர்களோடு உரையாடிக் கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் முகம் சுளித்ததைக் குறித்து அருளப்பட்டது அது. உலகுக்கெல்லாம் ஆசானாக வந்த நபிக்கே, கற்கத் துடிக்கும் ஓர் உள்ளத்தின் மதிப்பை அல்லாஹ் நினைவூட்டினான். அவ்வத்தியாயத்தைப் பிள்ளைகளுக்குப் பலமுறை ஓதிக்கொடுத்த நாம், பார்வைக் குறையுள்ள ஒரு மாணவனை நோக்கி ஆறு மாதம் முகம் சுளித்திருந்தோம்.

மறுநாள் அஸருக்குப் பின், யார் முன்னிலையில் கடிந்தோமோ அதே பிள்ளைகளின் முன்னிலையில் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலைகுனிந்து நின்றான். பின்பு, "பழைய குர்ஆனை எடுத்துத் தருவீர்களா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டான். துணியை அவிழ்த்துக் கொடுத்தோம். அன்று அவன் ஓதிய ஒரு பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை.

இப்போது நம் மதரஸாவில் வண்ண முஸ்ஹஃபும் கறுப்பு முஸ்ஹஃபும் ஒரே தட்டில் உள்ளன. சட்டங்களை நிறத்தைக் கொண்டு மட்டும் கற்பிப்பதை விட்டுவிட்டு, காரணத்தோடு கற்பிக்கிறோம். புதிதாகச் சேரும் பிள்ளை வண்ணங்களைச் சரியாகப் பிரித்தறிகிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிடுகிறோம். சக ஆசிரியர்களையும் இதையே வேண்டுகிறோம். ஒரு பிள்ளை திடீரெனப் பின்தங்கினால், கவனமில்லை என்று தீர்ப்பளிக்கும் முன் அதன் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பெற்றோர்களே, தாய்வழி உறவில் எவருக்கேனும் இக்குறை இருந்தால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் நாம் ஏற்படுத்திய காயத்தை அல்லாஹ் ஆற்றுவானாக. நம் பிழையை மன்னிப்பானாக. கற்பிக்கும் நம் அனைவருக்கும் பார்க்கும் கண்ணைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.