மீன் தொட்டியும் 200 யூனிட்டும்

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆணி புடுங்கினதுல நான் உருப்படியா வளர்த்தது ஒரு நாலடி மீன் தொட்டி மட்டும்தான். அதுவும் போன மாசம் வேட்டு வெச்சிருச்சு மக்கா.

கர்நாடகாவுல 2023 ஜூலைல இருந்து கிருஹ ஜோதி திட்டம். நம்ம பழைய சராசரியை ஒட்டி, மாசம் 200 யூனிட்டுக்குள்ள இருந்தா இலவசம். 200-ஐத் தாண்டினா மொத்த பில்லும் நம்ம தலையில. எங்க வீடு எப்பவும் 190-லயே நிக்கும். வந்த பில்லுல 211!

தங்கமணி கீசரைச் சந்தேகப்பட்டாங்க. நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். தொட்டி மேல ரெண்டு 36 வாட் டியூப், பழைய சோக்கையும் சேர்த்தா 90 வாட். தினம் எட்டு மணி நேரம் எரிஞ்சா மாசம் 22 யூனிட். பதினாறு மணி நேரம்னா 43. சரியா அந்த 21 யூனிட்டுதான் எகிறியிருக்கு. ஆனா பதினாறு மணி நேரம் யாரு போடறது?

அப்பா. அம்மா போனப்புறம் கும்பகோணத்துல இருந்து கூட்டிட்டு வந்தோம். அவருக்குக் கன்னடம் தெரியாது, நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ். விடிகாலை அஞ்சு மணிக்கே லைட்டைப் போட்டுட்டுத் தொட்டி முன்னாடி உட்கார்ந்துடறார். ஊர்ல ஒரு பல்பு சும்மா எரிஞ்சாலே என்னைத் திட்டித் தீர்த்த மனுஷன்!

சொல்ல வாய் வரலை. சனிக்கிழமை ரெண்டு டியூபையும் கழட்டிட்டு 20 வாட் எல்இடி ஒண்ணு மாட்டினேன். இனி பதினாறு மணி நேரம் எரிஞ்சாலும் மாசம் பத்து யூனிட்டுக்குள்ளதான். (ராத்திரி பகலா ஓடற 10 வாட் ஃபில்டரே ஏழு யூனிட் தின்னுதுங்க!)

இவ்வளவு நேரம் வெளிச்சம் இருந்தா கண்ணாடில பாசி பிடிக்கும். பிடிச்சிருக்கு. அப்பா என்னோட பழைய ஏடிஎம் கார்டை வெச்சுச் சுரண்டிக்கிட்டு இருக்கார்.