சமத்துப் பிள்ளையின் வலி

எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் பட்டம் ‘சமத்து’. ஊசி போடும்போது அழாவிட்டால் சமத்து. பசித்தாலும் தம்பி சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தால் சமத்து. வயதுக்கு வந்த பிறகு வயிற்றுவலியை வெளியே சொல்லாவிட்டால் இன்னும் பெரிய சமத்து. இந்தப் பட்டத்துக்கு என்ன விலை என்பதைக் குழந்தைகள் புற்றுநோய் வார்டில்தான் பார்த்தேன்.

அக்கா மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தொடை எலும்பில் புற்றுநோய். தேனிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து கீமோ எடுத்தார்கள். வார்டில் குழந்தையோடு ஒருவர்தான் தங்கலாம். அந்த ஒருவர், நான் பார்த்தவரை, எல்லாக் கட்டிலருகிலும் பெண்தான். அம்மா, இல்லையென்றால் அப்பத்தா, இல்லையென்றால் என்னைப் போல ஒரு சித்தி. சனி, ஞாயிறுகளில் அக்காவை மாற்றிவிட நான் போவேன்.

நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்த பிறகே எங்களை வலி நிவாரண ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். “கைவிட்டுட்டாங்கடி” என்று அக்கா அழுதாள். பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேறு. குழந்தைகளுக்கான ஆதரவு சிகிச்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டதுமே தொடங்க வேண்டும். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தொடர வேண்டும். எங்களுக்கு அது பல மாதம் பிந்தி வந்தது.

அந்தப் பிரிவின் நர்ஸ் ஓர் அட்டை கொண்டுவந்தார். வரிசையாக ஆறு முகங்கள். சிரிக்கும் முகத்துக்கு 0, கண்ணீர் விடும் முகத்துக்கு 10. 1980-களில் அமெரிக்காவில் டோனா வாங் என்ற செவிலியரும், மருத்துவமனைக் குழந்தைகளோடு பணியாற்றிய கோனி பேக்கரும் சேர்ந்து உருவாக்கியது இது. வலியை வார்த்தையில் சொல்ல முடியாத குழந்தை முகத்தைத் தொட்டுக் காட்டலாம்.

இவள் முதல் முகத்தைத் தொட்டாள். “வலிக்கல.”

நர்ஸ் அக்காவை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். மறுபடி அட்டையை நீட்டினார். விரல் ஐந்தாவது முகத்துக்குப் போனது. எட்டு.

“முன்னாடி ஏன் பாப்பா சொல்லல?”

“அம்மா அழும்.”

ஒன்பது வயதில் அவள் தன் வலியைத் தாங்கியதோடு அம்மாவின் அழுகைக்கும் பொறுப்பேற்றிருந்தாள். பக்கத்துக் கட்டில் பையன் வலி வந்தால் வார்டே அதிரக் கத்துவான். யாராவது ஓடி வருவார்கள். இவள் கத்தவில்லை. வந்துபோனவர்கள் எல்லாம் “தங்கமான பிள்ளை” என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

டாக்டர் மார்ஃபின் எழுதியதும் மாமா பயந்தார். போதை மருந்தாயிற்றே, பழகிவிடுமே என்றார். நோயின் வலிக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும்போது அடிமையாவது அரிது என்று பொறுமையாக விளக்கினார்கள். இந்தப் பயம் மாமாவுக்கு மட்டும் உரியதல்ல. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு பல மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருக்கவே தயங்கின. 2014-இல் வந்த திருத்தம்தான் விதிகளைத் தளர்த்தியது.

அவர்கள் சொன்னதில் ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. பிள்ளை வலிக்கிறது என்று கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் சேர்த்தே மருந்து. வாய் திறந்து கேட்கப் பழக்கப்படாத பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

பிறகு நர்ஸ் அக்காவிடம், “நீங்க கடைசியா எப்பம்மா தூங்குனீங்க?” என்று கேட்டார். அத்தனை மாதத்தில் யாரும் கேட்டிராத கேள்வி. அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. அன்றே மாமாவை உட்காரவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை அளக்கவும் நோட்டில் நேரம் குறிக்கவும் பழக்கினார்கள். வீட்டுக்குப் போனதும் இரவு மருந்து மாமாவின் பொறுப்பாயிற்று. தாயின் இயல்பு என்று நாம் சொல்லிவந்த வேலை, ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலையாக இருந்தது.

அதன் பிறகு அவள் நான்கு மாதம் இருந்தாள். வலி முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் “இப்ப ஆறு”, “இப்ப ரெண்டுதான்” என்று எண் சொன்னாள். பரோட்டா கேட்டு இரண்டு வாய் தின்றாள். பிடிக்காத சொந்தக்காரர்கள் வந்தால் கதவைச் சாத்தச் சொன்னாள். அவளை யாரும் சமத்து என்று சொல்லவில்லை. அவள் சொன்னதைக் கேட்டோம்.

போன மாதம் அக்காவுக்கு இடுப்புவலி. முன்பென்றால் தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டியிருப்பாள். இந்த முறை மறுநாளே டாக்டரிடம் போய், எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். மாமா சமைத்துவைத்துவிட்டுக் கூடப் போயிருக்கிறார்.